பெட்டியை எறிஞ்சு போடாதை

அவருடைய மெத்தை பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. வாங்கிய நாளில் கடையில் சுற்றிக் கொடுத்த அதே உறை. இரவில் அவர் புரண்டு படுத்தால் கீழ் மாடிக்காரிக்கு மழை பெய்வதுபோலக் கேட்குமாம். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். சோறு அவிக்கும் மின்சட்டியின் மூடியில் ஒட்டியிருந்த நீல நாடாவை நான்கு வருடமாக உரிக்கவில்லை. கதிரைக் கால்களில் நுரைத்தாள் சுற்றியிருந்தது. தொலைக்காட்சித் திரையின் மெல்லிய தோல் உரிக்கப்படாததால், செய்தி வாசிப்பவர்கள் எல்லோரும் சற்றுக் காய்ச்சல் கண்டவர்கள்போலத் தெரிந்தார்கள்.

பிரான்சில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலில் அவரை றெத்தூர் அண்ணை என்றார்கள். வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்புவதற்குப் பிரெஞ்சில் சொல்லும் சொல் அது. யார் முதலில் வைத்த பெயரோ தெரியாது. அவருக்கும் அதில் மனக்குறை இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் சலாதுக்குக் காய்கறி வெட்டும் மேசை அவருடையது. அதே இடத்தில் என் அப்பா பாத்திரம் கழுவினார். அப்பா அவரைத் தம்பி என்று கூப்பிடுவார். எனக்கும் ஊருக்கும் அண்ணை.

எங்கள் குடும்பம் வன்னியிலிருந்து வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா ஐந்தாம் வகுப்பு, அப்பா அதற்கும் கீழே. எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல நான் இன்னும் பழகவில்லை. சனிக்கிழமைகளில் நாங்கள் குடியிருந்த கார்ஜிலிருந்து ரயிலேறி லா சப்பலுக்கு வந்து, தேநீர்க்கடையின் மூலை மேசையில் உட்கார்ந்து, சனத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். வதிவிட அட்டை, வீட்டு விண்ணப்பம், பிள்ளையின் பள்ளிக்கூட மாற்றம். கூலி வாங்குவதில்லை. ஒரு றோல்ஸும் தேநீரும் வரும். "என்ர பிள்ளை எழுதின கடிதத்துக்கு மறுப்பு வந்ததில்லை," என்று அம்மா சொல்லித் திரிந்தாள். அது உண்மையில்லை. ஆனால் நான் திருத்தவில்லை.

அந்த மேசைக்குத்தான் அவர் ஒரு பெட்டியோடு வந்தார்.

"பிள்ளை, ஒரு றெத்தூர் கடிதம் எழுதவேணும்."

உள்ளே ஓர் அம்பிளிஃபயர். அவருக்கிருந்த ஒரே பழக்கம் மடிக்கணினியில் ஹெட்போன் மாட்டிக் கேட்பது. கணினிக்குள் இருப்பது வெறும் எண்கள் என்று அன்றைக்கு எனக்கு விளக்கினார். எண்களைச் சத்தமாக்க ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். சத்தத்துக்கு ஹெட்போனைத் தள்ளும் பலம் கொடுக்க ஓர் அம்பிளிஃபயர் வேண்டும். இரண்டும் மடிக்கணினிக்குள்ளேயே சின்னதாக இருக்கத்தான் செய்கின்றன. "ஆனா அது நெருப்புப்பெட்டிக்குள்ள குசினி வச்ச மாதிரி," என்றார். ஆகவே வெளியே தனியாக வைக்க நல்லதொரு சோடியைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்று வருடமாக.

நான் பேனாவை எடுத்து இரண்டே வரியில் முடித்தேன். அவர் தாளைப் பார்த்தார்.

"காரணம் எழுதேல்லையே?"

"தேவையில்லை அண்ணை. இணையத்தில வாங்கினதைப் பதினாலு நாளுக்குள்ள சும்மா திருப்பி அனுப்பலாம். சட்டம் அப்படி."

"சும்மாவோ? ஒண்டை வீட்டை கூப்பிட்டு, பத்து நாள் வச்சிருந்துபோட்டு, போ எண்டு சொல்லுறதோ? ஏனெண்டு சொல்ல வேண்டாமோ?"

"அது சாமான் அண்ணை."

"செய்தவன் சாமான் இல்லைத்தானே. எழுது."

அவர் சொன்ன காரணம் இது: "ஆக்கள் கூட்டமாக் கதைக்கேக்கை எல்லாரையும் ஒரே கதிரையில இருத்துது."

குரல்கள் பிரிந்து கேட்கவில்லை என்பதுதான் பொருள். இதைப் பிரெஞ்சில் எழுத எனக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது. நகரசபைத் தலைவருக்கே கடிதம் எழுதிய நான் ஒரு பெட்டியின் கதிரைப் பிரச்சினையில் வியர்த்துப்போனேன். கடைக்கார அண்ணை தேநீரை வைத்துவிட்டு, "றெத்தூர், ரீ ருசியில்லாட்டிச் சொல்லும். பதினாலு நாள் இருக்கு," என்றார்.

"ரீயில சாயம் காணாது. எழுதித் தரட்டோ?" என்றார் இவர்.

அதன்பின் ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றுக்கும் அதற்கேயான காரணம். முந்திய கடிதத்தின் வசனத்தை நான் களவாக மீண்டும் பாவித்தால் கண்டுபிடித்துவிடுவார். ஒன்றின் சத்தப் பொத்தான் தொட்ட உடனே பாய்கிறது, மெல்லமாகக் கேட்க முடியாது. இன்னொன்றுக்கு, "எல்லாம் துப்புரவாக் கேக்குது, ஆனா ஒருத்தருக்கும் வேர்க்கேல்லை." மிக விலை உயர்ந்த ஒன்றுக்கு, "இதில ஒரு குறையும் இல்லை. நான்தான் இதுக்குக் காணாது." அந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்கு ஏனோ கோபம் வந்தது. அவர் நிம்மதியாக றோல்ஸ் சாப்பிட்டார்.

வியர்வை எங்கிருந்து வந்தது என்பது அவருடைய அறைக்குப் போனபோதுதான் விளங்கியது. அப்பா கொடுத்துவிட்ட கறியைக் கொண்டுபோயிருந்தேன். ஆறாம் மாடி. சுவரோரம் மின்சட்டி, தொலைக்காட்சி என்று வீட்டுச் சாமான்களின் வெறும் பெட்டிகள் கூரைவரை, ஒவ்வொன்றிலும் வாங்கிய திகதி, கடைசித் திகதி. கையில் சமையலறைக் கையுறை போட்டுத்தான் பொத்தான்களைத் திருப்புவார். பெட்டியைத் திறக்கும்போதே கம்பி எப்படி மடிந்திருந்தது என்று படம் எடுத்து வைப்பார். திரும்பக் கட்டும்போது அந்தப் படத்தைப் பார்த்து அதேபோல மடிப்பார்.

"கேள்," என்று ஹெட்போனைத் தந்தார்.

பாட்டு வரும் என்று நினைத்தேன். தட்டுகள் மோதின. தண்ணீர் ஓடியது. ஒருவன் பிரெஞ்சில் உணவு வகைகளை அடுக்கிக் கத்தினான். கரண்டி ஒன்று விழுந்தது. அதன்பின் சிலர் சேர்ந்து, சமையல் தலைவருக்குச் சரி என்னும் விதமாக, "வீ, ஷெஃப்," என்றார்கள்.

"எத்தினை பேர்?"

"ரெண்டு பேர்."

"மூண்டு. கரண்டி விழுந்த பிறகு, வலப்பக்கம், பின்னால. அது நான்."

மத்தியானக் கூட்ட நேரத்தில் கைபேசியை அலுமாரிமேல் வைத்து அவரே பதிவு செய்தது. எந்த அம்பிளிஃபயர் வந்தாலும் இதுதான் பரீட்சை. அந்த மூன்றாவது "வீ, ஷெஃப்" தனியாகக் கேட்க வேண்டும். அதுவும் மூச்சு வாங்கியபடி கேட்க வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு அவர் நிலவறையிலிருந்து சலாதுக்கான கோவா மூட்டை தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

கொரோனா வந்து உணவகங்கள் மூடியபோது அவருக்கு வேலை இல்லை, கேட்பதற்கு நேரம் மட்டும் நிறைய. மடிக்கணினி நாள் முழுவதும் சார்ஜரிலேயே கிடந்தது. அடுத்தடுத்து மூன்று அம்பிளிஃபயர்கள் வந்தன. மூன்றிலும் அடியில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். மூன்றுக்கும் கடுமையாகக் கடிதம் எழுதினேன். நான்காவதிலும் அதே இரைச்சல் என்று அவர் சொன்னபோது எனக்குச் சந்தேகம் வந்தது. நாலு கடைக்காரரும் கூடிப் பேசியா ஒரே இரைச்சலை வைத்திருப்பார்கள்?

அடுத்த முறை அறைக்குப் போனபோது, ஹெட்போனைக் காதில் வைத்தபடி, மடிக்கணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து இழுத்தேன். இரைச்சல் நின்றது. திரும்பச் செருகினேன். வந்தது. அம்பிளிஃபயரும் சுவரில், கணினியும் சுவரில், இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு கம்பி. மின்சாரம் அந்த வட்டத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டிருந்தது. அம்பிளிஃபயரில் பிழையே இல்லை.

அவர் துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். பல்கலைக்கழகம் போனவள் கண்டுபிடித்தாள் என்றாவது சொல்வார் என்று நின்றேன். அவர் மெத்தையில் உட்கார்ந்தார். மழை பெய்தது.

"அப்ப அந்த மூண்டு பேருக்கும் நாங்கள் பொய்க் காரணம் எழுதியிருக்கிறம்."

"தெரியாமல் எழுதினது."

"மன்னிப்புக் கடிதம் எழுதவேணும். மூண்டு."

"அண்ணை, அதை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்."

அவர் எழுந்து, கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு கடிதக் கோவையை எடுத்து, ஒரு தாளை நீட்டினார். அவர் பிரான்சுக்கு வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்குக் கிடைத்த முதல் மறுப்பு. காரணம் என்று ஒரே வசனம் இருந்தது. உங்கள் கூற்றுகள் போதிய விவரமின்றிப் பொதுப்படையாக உள்ளன.

"அப்ப ஒரு அறையில அஞ்சு பேர் இருந்தம். எனக்கு இது வந்த கிழமை மற்ற நாலு பேருக்கும் வந்தது. எழுத்துக்கு எழுத்து இதே வசனம்." தாளை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "ஒருத்தன் ஊமை, பிள்ளை. அவன் எப்பிடிப் பொதுப்படையாக் கதைக்கிறது?"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு மூன்று மன்னிப்புக் கடிதமும் எழுதினேன். ஒரு கடை மட்டும் பதிலுக்கு ஒரு தள்ளுபடிச் சீட்டு அனுப்பியது. அதையும் திருப்பி அனுப்பினோம். காரணத்தோடு.

அந்த வருடம்தான் நான் உரைபெயர்ப்பாளர் படிப்புக்கு விண்ணப்பித்தேன். வைத்தியசாலை, பள்ளிக்கூடம், வாடகை அலுவலகம் என்று பத்து வயதிலிருந்து அம்மாவுக்கும் வெள்ளைக்காரருக்கும் நடுவில் நின்று கதைத்தவள் நான். அதையே படித்துச் செய்ய வேண்டும், அதற்கொரு பட்டம் சுவரில் தொங்க வேண்டும் என்பது என் விருப்பம். நுழைவுப் பரீட்சை இணையவழி. மடிக்கணினியில் ஒலிக்கும் பேச்சை ஹெட்போனில் கேட்டு, உடனே வேறு மொழியில் சொல்ல வேண்டும். கம்பி உள்ள ஹெட்போன் கட்டாயம். ஒரே வாய்ப்பு.

என் மடிக்கணினியின் பற்றரி செத்துப்போனது. சார்ஜர் இல்லாமல் ஓடாது. அதன் காதுத் துளையில் எப்போதும் ஒரு சீறல், சுட்டியை அசைத்தால் ஒரு கீச்சு. பயிற்சிப் பரீட்சையில் அந்தக் கீச்சு சரியாக ஓர் எண்ணின்மேல் விழுந்தது. எழுபத்தாறா தொண்ணூற்றாறா என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி இருந்தேன். பிரெஞ்சில் ஒன்று அறுபதும் பதினாறும், மற்றது எண்பதும் பதினாறும். இரண்டுக்கும் வால் ஒன்று. அன்று வீட்டில் அழுதேன். ஆனால் றெத்தூர் அண்ணையிடம் உதவி என்று கேட்கவில்லை. "ஒரு தகவலுக்காகக் கேக்கிறன்," என்றேன்.

அவர் என் ஹெட்போனை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "இது கொஞ்சச் சாப்பாட்டோட நிறையிறது. குருவி. இதுக்குப் பெரிய அம்ப் வைக்கிறது, குருவிக்கு அண்டாவில சோறு போடுற மாதிரி. சரி, பாப்பம். காதுதானே சொல்லவேணும்."

மூன்று வகை வைத்தார். ஒன்று, கன்வெர்ட்டர் தனியாகவும் அம்பிளிஃபயர் தனியாகவும் இரண்டு கனத்த பெட்டி. அடுத்தது, இரண்டும் சேர்ந்த நடுத்தரப் பெட்டி. மூன்றாவது விரலளவு. கணினியின் யுஎஸ்பித் துளையில் செருகி, அங்கிருந்தே மின்சாரம் குடிப்பது. சுவரில் செருக ஒன்றுமில்லை. அதை, "கணக்குக்கு ஒண்டு கிடக்கட்டும்," என்றுதான் வாங்கியிருந்தார்.

துவாயால் தன் கண்ணைக் கட்டிக்கொண்டார். மாற்றி மாற்றிச் செருகுவது என் வேலை. "முதல் மூண்டிலயும் சத்தத்தை ஒரே அளவுக்குக் கொண்டு வா. கூடச் சத்தம் எப்பவும் நல்லது மாதிரித்தான் கேக்கும். கத்திறவன் சொல்லுறது சரிபோல இருக்குமே, அது மாதிரி." சமையலறைப் பதிவைப் போடப் போனேன். கை காட்டி நிறுத்தினார். "உனக்கு என்ன கேக்கவேணும்?"

"மனிசர் கதைக்கிறது. கன பேர். இலக்கங்கள்."

"அப்ப அதைப் போடு."

கீச்சு விழுந்த அதே பயிற்சிப் பேச்சைப் போட்டேன். அவருக்கு அதில் பாதி விளங்காது. ஆனாலும் அரை மணித்தியாலம் தலையைச் சரித்துக் கேட்டார். பெரிய சோடி சார்ஜரோடு சேர்ந்து "ம்ம்ம்" என்றது. நடுத்தரம் பரவாயில்லை. மூன்றாவதில் ஒரு விரலை உயர்த்தினார். "இது. கதைக்கிற மனிசி எண்பதுக்குப் பிறகு ஒரு மூச்சு எடுக்கிறா. கேட்டியோ? இது எது?"

"சின்னது."

துவாயை அவிழ்த்து அதைப் பார்த்தார். ஏழு வருடமாகக் கொழுத்த பெட்டிகளைச் சுமந்து ஆறு மாடி ஏறியவர். "உதுவோ," என்றார். பிறகு நேர்மையாக, "உதுதான்," என்றார்.

கட்டளை தெளிவாக இருந்தது. பரீட்சை, சாமான் வந்த நாளிலிருந்து பத்தாம் நாள். அதுவரை என்னிடம். பதின்மூன்றாம் நாள் அவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். பெட்டி, மடிப்புப் படம் எல்லாம் கையில் தந்தார். "பெட்டியை எறிஞ்சு போடாதை."

பரீட்சையை எட்டு நாள் தள்ளிப்போட்டார்கள்.

அவரிடம் சொல்லவில்லை. அவருடைய சட்டம் எனக்குத் தெரியும். ஏழு வருடத்தில் பதினான்கு நாள் தாண்டி ஒரு கன்வெர்ட்டரோ அம்பிளிஃபயரோ அந்த அறையில் தங்கியதில்லை. கெஞ்சிக் கேட்டு ஒரு விரலளவுச் சாமானை வாங்குவதற்கு நான் படிக்கவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பதின்மூன்றாம் நாள் காலை, படத்தைப் பார்த்துக் கம்பியை மடித்து, பெட்டியை மூடி மேசையில் வைத்தேன். எழுபத்தாறும் தொண்ணூற்றாறும் என் தலைக்குள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

அவர் கார்ஜுக்கு ரயிலில் வந்து, முகக்கவசத்தோடு கதிரை நுனியில் உட்கார்ந்தார்.

"சோதனை எப்பிடி?"

"வாற புதன். தள்ளிப் போட்டாங்கள்."

"அப்ப ஏன் கட்டி வச்சிருக்கிறாய்?"

"நாளைக்குப் பதினாலு."

சட்டைப்பையிலிருந்து கையுறையை எடுத்தார். குசினி வாசலிலிருந்து அம்மா, "தம்பி, என்ர பெட்டை ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. நான் சொன்னதெண்டு சொல்லாதை," என்று நான் கேட்கவே சொன்னாள்.

அவர் கையுறையைப் போடவில்லை. "சரி. கடிதம் எழுது. திருப்பிறதுக்கு என்ன காரணம்?"

நான் தாளை எடுத்தேன். நாற்பது பெட்டிக்குக் காரணம் எழுதியவள். சீறல் இல்லை, கீச்சு இல்லை, இரைச்சல் இல்லை, ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட்கிறார்கள். வேண்டுமென்றால் ஒன்றைப் புனைந்திருக்கலாம். மன்னிப்புக் கடிதம் எழுதிய கை போகவில்லை.

"ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லையோ?"

"இல்லை அண்ணை."

"அப்ப எப்பிடி அனுப்பிறது?" என்றார், ஏதோ நான்தான் அவரை இந்த இக்கட்டில் மாட்டிவிட்டதுபோல. கையுறையைத் திரும்பச் சட்டைப்பைக்குள் வைத்தார். "சரி. எழுது. வச்சிருக்கிறம் எண்டு எழுது."

"வச்சிருக்கிறதுக்குக் கடிதம் தேவையில்லை."

"திருப்பேக்கை எழுதினம். வச்சிருக்கேக்கை எழுதாட்டி அது என்ன மரியாதை? காரணத்தோட எழுது. பதிவுத் தபால்."

எழுதினேன். ஐயா, அம்மணி, உங்கள் பொருளை நாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்பதை அறியத் தருகிறோம். காரணம்: இதன் வழியாகக் கேட்கும்போது யாரும் யாருடைய கதிரையிலும் உட்காருவதில்லை. பிரான்சில் இப்படியொரு கடிதம் அதற்கு முன் எழுதப்பட்டிருக்காது. கடையில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பி அனுப்பும் கோரிக்கையாகப் பதிந்து, இலவச முத்திரைச் சீட்டு ஒன்றை அனுப்பிவைத்தார்கள். அதை விளக்கி இன்னொரு கடிதம் எழுதினோம். இரண்டாவது சீட்டும் வந்தது. அதற்குப் பிறகு நான் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினேன்.

புதன்கிழமை பரீட்சை நடந்தது. விரல் நீளச் சாமான் கணினியின் விலாவில் தொங்கியது. எண்கள் எண்களாக வந்தன. முடிவு வந்த சனிக்கிழமை, தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டு லா சப்பலுக்கு ஓடினேன். தேநீர்க்கடை வாசலில் நின்றுதான் குடிக்க வேண்டியிருந்த காலம். கடைக்கார அண்ணை ஒரு லட்டு தந்தார். றெத்தூர் அண்ணை தாளை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு வரிதான் கிடக்கு."

"எடுபட்டிட்டன் அண்ணை. அதுதான் ரெண்டு வரி."

"காரணம்?"

"ஏற்றுக்கொண்டால் காரணம் எழுத மாட்டினம்."

"அப்ப எடுபட்ட எல்லாருக்கும் இதே ரெண்டு வரிதானே போயிருக்கும்?"

லட்டு வாயில் கசந்தது. போட்டிப் பரீட்சையில் எடுபட்டதாக எங்கள் பரம்பரைக்கு வந்த முதல் கடிதம் அது. அதைப் பார்த்து இப்படிச் சொன்ன மனிதரை வாழ்நாளில் மன்னிப்பதில்லை என்று ரயிலேறினேன். கார்ஜ் வருவதற்குள், அவர் சொன்னது உண்மை என்பதுதான் என் கோபம் என்று தெரிந்துவிட்டது. இரண்டு நாள் பொறுத்து, யாருக்கும் சொல்லாமல், என்னை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டேன்.

உணவகங்கள் திறந்தபோது அவருடைய ஷெஃப் லியோனில் புதிய இடம் தொடங்கி அவரையும் கூட்டிக்கொண்டு போனார். மெத்தை உறையோடேயே வண்டியில் ஏறியது. அதற்குப் பிறகு அவரை நான் நேரில் பார்க்கவில்லை.

எனக்குப் பதில் வந்தது கார்த்திகையில், வகுப்பு தொடங்கி இரண்டு மாதம் கழித்து. நடுவர் ஒருவர் கையால் எழுதியிருந்தார். பரீட்சைப் பதிவில் இருவர் வாதாடிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மூன்றாவது ஒருவர் தாழ்ந்த குரலில் உடன்படவில்லை என்று சொன்னார். அவர் சொன்னதையும் மொழிபெயர்த்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் நீங்கள் ஒருவர்.

லியோனுக்குத் தொலைபேசி எடுத்து வாசித்துக் காட்டினேன். பின்னணியில் தட்டுகள் மோதின. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"நல்ல காரணம்," என்றார். அங்கே யாரோ கத்த, "வீ, ஷெஃப்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். "அந்தச் சின்னதின்ர பெட்டி கிடக்கோ?"

"கிடக்கு."

"இனி எறியலாம். எறிஞ்சுபோட்டுப் படம் அனுப்பு."

கீழே இறங்கி, மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டிக்குள் பெட்டியைப் போட்டு, படம் எடுத்து அனுப்பினேன். மத்தியான வேலைக்கு நடுவிலும் ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது.

"மூலை நசிஞ்சு போச்சே, பிள்ளை."